சட்டை போடவும் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பக்கவாதம் வந்தவருக்கு நடக்கப் பயிற்சி தருகிறார்கள், சரி. ஒற்றைக் கையால் சட்டை போடப் பழக்குவது பல இடங்களில் விட்டுப்போகிறது. அப்புறம் தினமும் மனைவியோ மகளோ மாட்டிவிட வேண்டியதுதான்.

முறை எளிது. நாற்காலியில் நன்றாக உட்கார்ந்துகொண்டு, செயலிழந்த கையை முதலில் சட்டைக்குள் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கை கடைசி. பட்டன் போட, கைப்பிடியில் கம்பி வளையம் பொருத்திய சின்னக் கருவி இருக்கிறது. கம்பியைக் காஜா வழியாக விட்டு, பட்டனைக் கோத்து இழுத்தால் ஒரு கையே போதும். அது கிடைக்காவிட்டால் தெருமுனைத் தையல்காரரிடம் வெல்க்ரோ தைத்துக்கொள்ளலாம். பட்டன் மேலே அழகுக்கு இருக்கட்டும். வெல்க்ரோ வேட்டிதான் ஜவுளிக்கடையிலேயே கிடைக்கிறதே! கல்யாண மாப்பிள்ளையே கட்டும்போது நமக்கென்ன கூச்சம்?

மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் 2017 முதல் ஏழை முதியோருக்குக் கைத்தடி, சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி எல்லாம் தருகிறார்கள். அவற்றோடு இந்தப் பட்டன் கருவியையும், குனியாமல் ஷூ மாட்ட உதவும் நீளமான ஷூ ஹார்னையும் சேர்த்துக் கொடுத்தால் செலவு பெரிதாக ஏறிவிடாது.

- ஒரு வாசகர், தஞ்சாவூர்