பழைய பிஸ்டல்: ஆறு மாதக் கணக்கு என்றைக்குத் தொடங்குகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செகண்ட் ஹேண்ட் கார், போன் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று நம் பத்திரிகையில் வந்த கட்டுரை மிகவும் உபயோகமாக இருந்தது. அதில் இடம்பெறாத ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன்: இலக்குச் சுடும் போட்டிக்கான பழைய பிஸ்டல். 'துப்பாக்கிப் பேச்சு நமக்கெதற்கு' என்று யாரும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். புதியது வாங்கக் கட்டுப்படியாகாமல் பழையதைத் தேடும் பிள்ளைகள் நம்மவர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் பணம் வீணாகக் கூடாது. குறையுள்ள பொருளுக்குக் கடைக்காரரிடம் நியாயம் கேட்கச் சட்டம் தரும் ஆறு மாதம் என்றைக்குத் தொடங்குகிறது என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

என் தம்பி மகள் டர்பனில் ஒரு கடையில் ரூகர் மார்க் 2 என்ற பிஸ்டல் வாங்கினாள். 22 காலிபர், கனமான குழல், திருகி நகர்த்தக்கூடிய குறிக்காட்டி. 1982-ல் வந்த மாடல். தயாரிப்பு நின்று பல வருடங்கள் ஆகின்றன, அதனால் இன்றைக்கு விலைக்கு வருவதெல்லாம் கைமாறியதுதான். 'நல்ல கண்டிஷன்' என்று சொல்லிக் கடைக்காரர் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகுதான் காத்திருப்பு. தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் வருடத்து ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தகுதிச் சான்றிதழ் வேண்டும். போலீஸின் எஸ்.ஏ.பி.எஸ். 271 என்ற லைசென்ஸ் மனுப் படிவம், கைரேகை, வீட்டில் இரும்புப் பெட்டி எல்லாம் முடிந்து, மனு பிரிட்டோரியா போய் லைசென்ஸ் வரும்வரை துப்பாக்கி கடைக்காரர் பெட்டகத்திலேயே இருக்கும். அந்தச் சட்டத்தில் எனக்குக் குறையே இல்லை. துப்பாக்கியால் எத்தனை குடும்பங்கள் சீரழிந்தன என்பதைக் கண்ணால் பார்த்த ஊர் இது. கட்டுப்பாடு இருக்கத்தான் வேண்டும். ஆனால் பணம் ஒரு நாள் போகிறது, பொருள் பல மாதம் கழித்துக் கைக்கு வருகிறது. பிரச்சினை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

லைசென்ஸ் வந்து சுடும் திடலுக்குப் போன முதல் நாளே தோட்டா சரியாக உள்ளே உட்காரவில்லை. சில வெடிக்கவில்லை. வெடித்ததின் வெற்றுக் கூடு குழலிலேயே ஒட்டிக்கொண்டது. "பெரியப்பா, தோட்டாதான் மட்டமோ?" என்று கேட்டாள். வேறு கம்பெனித் தோட்டா போட்டும் அதே கதை. தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்ட பிறகு டார்ச் அடித்தேன். தோட்டா நுழையும் வாயின் மேல் விளிம்பில் சிறு பள்ளம். பள்ளத்தில் நசுங்கிய இரும்பு உள்பக்கமாகப் பிதுங்கி நின்றது. மெல்லிய மரக்குச்சியை விளிம்போடு ஓட்டினால் அந்த இடத்தில் தட்டியது. வெற்றுக் கூட்டிலும் அதே இடத்தில் ஒரு கீறல். ஆயுள் முழுக்க லேத்தில் நின்றவன் நான். அது தேய்மானம் இல்லை, அடி என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

அடித்தது, தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் துப்பாக்கியின் சொந்த ஊசியேதான். இந்த மாடலில் ஊசி அளவுக்கு மேல் முன்னால் பாயாமல் தடுக்கப் போல்ட்டுக்குள் குறுக்கே ஒரு சின்ன பின் உண்டு. யாரோ கழற்றித் துடைத்தவர் அதைத் திரும்பப் போடவில்லை. அந்தப் பின் இல்லாமல், தோட்டா போடாத துப்பாக்கியின் விசையை அழுத்த அழுத்த, ஊசி நேரே குழல் விளிம்பில் போய் மோதியிருக்கிறது. போல்ட்டைக் கழற்றிப் பார்க்கும் எந்தக் கடைக்காரருக்கும் ஐந்து நிமிடத்தில் தெரியக்கூடிய குறை இது. பார்க்காமலே விற்றிருக்கிறார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

கடைக்குப் போனோம். "பணம் கட்டி ஆறு மாதம் தாண்டிவிட்டது, இனி எங்கள் பொறுப்பில்லை" என்றார். அது தவறு. 2008-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56-ஆம் பிரிவு, பொருளை ஒப்படைத்த நாளிலிருந்துதான் ஆறு மாதத்தைக் கணக்கிடுகிறது. பணம் கட்டிய நாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெட்டகத்தில் அவர் வைத்திருந்த காலம் அவர் கணக்கு. அந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கு. சட்டத்தின் நகலை மேசையில் வைத்துப் பேசிய பிறகே ரிப்பேர் செலவை ஏற்றுக்கொண்டார்.

'குழலையே மாற்றிவிடுங்களேன்' என்று சிலர் யோசனை சொன்னார்கள். கார் டயர் மாதிரி மாற்ற முடியாது. நம் சட்டத்தில் குழல் தனியாகவே ஓர் ஆயுதம். ரூகரில் அது சீரியல் நம்பர் உள்ள மேல்பாகத்தோடு திருகி இறுக்கப்பட்டதும்கூட. அதனால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்தோம். என் வீட்டில் லேத் இருக்கிறது, ஆனாலும் நான் தொடவில்லை. அந்த வேலைக்கு அரசு லைசென்ஸ் வேண்டும். அவர் தோட்டா அளவுக்குக் கடைந்த, கூம்பு முனையுள்ள கெட்டி எஃகுக் கட்டை ஒன்றை வாயில் நுழைத்து, பிதுங்கிய இரும்பைப் பையப் பைய இருந்த இடத்துக்கே தள்ளினார். அரம் போடவே இல்லை. அரம் போட்டால் இரும்பு குறையும், கூட்டுக்கு அந்த இடத்தில் பிடிமானம் இல்லாமல் போகும். போல்ட்டில் விடுபட்டிருந்த குறுக்குப் பின்னையும் புதிதாகப் போட்டார். வேலைக்காரர் என்றால் அவர்தான்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது: பணம் கொடுப்பதற்கு முன், கடைக்காரர் முன்னிலையிலேயே போல்ட்டைக் கழற்றச் சொல்லிக் குழல் வாயை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு மெக்கானிக்கையும் கூட்டிப் போனால் இன்னும் நல்லது. கடையோடு சுடும் இடம் இருந்தால் அவர்கள் மேற்பார்வையில் சுட்டுப் பார்க்கக் கேளுங்கள். ஒப்படைத்த தேதியைத் தனியாக எழுதி வாங்குங்கள். ரசீதில் இன்ன குறை உண்டு என்று எழுதி, நீங்கள் அதற்கு ஒப்புக் கையெழுத்துப் போட்டால் அந்தக் குறைக்குப் பிறகு நியாயம் கேட்க முடியாது, படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வியாபாரி அல்லாத தனியாரிடம் வாங்கினால் இந்த ஆறு மாதப் பாதுகாப்புக் கிடையாது.

ரிப்பேருக்கும் இதே சட்டத்தில் 57-ஆம் பிரிவு உண்டு: ரிப்பேரில் போட்ட உதிரிபாகத்துக்குக் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம். ஆகவே எந்தப் பாகத்தை மாற்றினார்கள், எந்தத் தேதியில் என்று மெக்கானிக்கின் பில்லிலும் எழுதி வாங்கி, லைசென்ஸோடு சேர்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் பிட்டர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.