குண்டு எறிய நல்ல வட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் கோத்தகிரிப் பக்கம் நடந்த பள்ளி விளையாட்டுப் போட்டியில் என் மகள் குண்டு எறிந்தாள், 3 கிலோ குண்டு. கடைசி வாய்ப்பில் நன்றாகவே எறிந்தாள், ஆனால் எறிந்த வேகத்தில் ஷூவின் முனை எறிபவர் நிற்கும் வட்டத்தின் முன்விளிம்பில் இருந்த தடுப்புக் கட்டையின் உள்பக்கத்தில் முட்டியது, உடனே சிவப்புக் கொடி. கட்டையில் கால் பட்டால் பவுலாம், எறிந்தது செல்லாதாம். அப்படி ஒரு விதியே கிடையாது. 10 செ.மீ. உயரமுள்ள அந்தக் கட்டையை வைப்பதே கால் அதில் முட்டி நிற்கத்தான். அதன் மேல்பக்கத்தையோ வட்டத்துக்கு வெளியே தரையையோ தொட்டால்தான் பவுல். அவள் ஒன்றும் பேசவில்லை, குண்டில் ஒட்டியிருந்த ஈரச் சுண்ணாம்பை ஸ்வெட்டரில் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

அப்புறம் ஒரு பையன் கிரிக்கெட் பந்து மாதிரி கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வீசினான், அதற்கு வெள்ளைக் கொடி! குண்டு கழுத்தை ஒட்டியே இருக்க வேண்டும், தோளிலிருந்து ஒரே கையால் தள்ள வேண்டும், தோளுக்குப் பின்னால் போகவே கூடாது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை, யாரும் சொல்லித் தரவில்லை, இப்படியே எறிந்தால் அவன் முழங்கைதான் போகும்.

இன்னொன்று, அங்கே வட்டம் என்பது புல்லில் போட்ட சுண்ணாம்புக் கோடு. காலையிலிருந்தே மூடுபனி, புல் முழுக்க ஈரம். குண்டுக்கு வேகம் காலிலிருந்துதான் வருகிறது. எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு காலால் உந்திப் பின்னோக்கிச் சறுக்கி வந்து, இடுப்பைத் திருப்பித் தள்ள வேண்டும். 2023-ல் அமெரிக்க வீரர் ரயன் கிரவுசர் 23.56 மீட்டர் எறிந்து உலக சாதனை செய்தது வட்டத்துக்குள் சுழன்று வந்துதான். இரண்டுக்குமே கெட்டியான, வழுக்காத தரை வேண்டும். தினமும் தேயிலைத் தோட்டத்து மேட்டில் ஏறி இறங்கிப் பள்ளிக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்குக் காலில் வலு இல்லையா என்ன? ஈரப் புல்லில் விழுந்துவிடுவோம் என்று பயந்து, நின்ற இடத்திலேயே கையால் மட்டும் தள்ளுகிறார்கள்.

2.135 மீட்டர் விட்டத்தில் ஓர் இரும்பு வளையம், உள்ளே கொஞ்சம் சொரசொரப்பான சிமெண்ட் தளம், மழைத் தண்ணீர் வடிய வழி, அவ்வளவுதான். நீலகிரியில் ஒவ்வொரு தாலுகாவிலும் ஒரு மைதானத்திலாவது இதைப் போட்டுத் தாருங்கள். கொடி பிடிப்பவர்களுக்கு அரை நாள் விதிகளைச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த போட்டிக்கு முன்னால் செய்தால் நல்லது, என் மகளுக்குப் பள்ளியில் இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோத்தகிரி