சினைக் குதிரைக்கு டெட்டனஸ் ஊசி போடுங்கள்

கால்நடைத் தடுப்பூசிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் லாயத்தில் போன மாதம் ஒரு குதிரைக்குட்டி டெட்டனஸில் செத்தது உங்களுக்குத் தெரியும். தாய் சினையாக இருக்கும்போதே ஊசி கேட்டுக் கால்நடை மருந்தகத்துக்கு வந்தோம். குதிரைக்குத் திட்டம் இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வாங்கி வந்தோம். டாக்டர் கேம்புக்குப் போயிருக்கிறார் என்றார்கள். மறுபடி வந்தபோது, இங்கே யாருக்கும் குதிரை பார்த்துப் பழக்கமில்லை என்றார்கள். அதற்குள் குதிரை ஈன்றுவிட்டது.

இரண்டாவது வாரத்தில் குட்டியின் நடை விறைத்தது. காதுகள் செங்குத்தாக நின்றன. கண்ணின் மூலையிலிருந்து ஒரு சவ்வு ஏறி வந்து பாதிக் கண்ணை மறைத்தது. அப்புறம் வாய் பூட்டிக்கொண்டது. தாயின் மடியில் மூக்கை வைத்தபடியே நிற்கும், காம்பைக் கவ்வ முடியாது. பால் தானாக ஒழுகித் தரையில் விழுந்துகொண்டிருந்தது. வாளியைக் கீழே வைக்கிற சத்தத்துக்கே உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. வாசலில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். சத்தம் வரக்கூடாதென்று பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினோம். அந்தப் பூட்டு கடைசியில் மூச்சுக்கும் விழுந்தது. பசியோடு செத்தது ஐயா, பால் கட்டிய மடிக்குப் பக்கத்திலேயே.

இந்தக் கிருமி லாயத்து மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் எப்போதும் இருக்கிறது. லாட ஆணி குத்திய குளம்பு வழியாகவும் குட்டியின் தொப்புள் வழியாகவும் உள்ளே போகும். வீட்டு விலங்குகளில் இதன் விஷம் அதிகமாகத் தாக்குவது குதிரையைத்தான். தாய்க்கு இருக்கும் எதிர்ப்புச் சக்தி வயிற்றில் இருக்கும்போது குட்டிக்குப் போகாது. பிறந்த முதல் நாள் குடிக்கிற சீம்பாலில்தான் போக வேண்டும். அதனால்தான் ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு தாய்க்குப் போடச் சொல்கிறார்கள். அதுவரை ஊசியே பார்க்காத குதிரை என்றால் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும். தாய்க்கு முறையாகப் போட்டிருந்தால், குட்டிக்கு 4 முதல் 6 மாத வயதில் தொடங்கி மூன்று ஊசி. இதில் புது ஆராய்ச்சி எதுவும் இல்லை, உங்களுக்குப் பாடமாக இருந்ததுதான். நாங்கள் கேட்பதும் இவ்வளவுதான்: சினைக் குதிரைக்கும் குட்டிக்கும் டெட்டனஸ் ஊசி.

மாடுகளுக்குக் கோமாரி ஊசி ஊர் ஊராக வந்து போடுகிறார்கள். 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரியோடு, மாட்டுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் புருசெல்லோசிஸ் நோய்க்கான ஊசியும் சேர்ந்தது. நல்ல காரியம், எங்கள் வீட்டிலும் மாடு உண்டு. ஆனால் குதிரை கால்நடை இல்லையா? ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மெரினாவிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க நடப்பது அதுதானே. பாம்புக்கடிக்கு இன்றைக்கும் மருந்து வருவது குதிரையின் ரத்தத்திலிருந்து. மனிதரை டெட்டனஸிலிருந்து காப்பாற்ற 1890-களிலேயே மருந்து எடுத்ததும் அதன் ரத்தத்திலிருந்துதான். அதே நோயில் அதன் குட்டி சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எங்களால் தாங்க முடியவில்லை. எங்களிடம் வாக்கு குறைவு, குதிரையும் குறைவு. அதற்காக வரிசையில் கடைசியாகக்கூட நிற்க முடியாது என்றால் என்ன நியாயம்?

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சவாரிக் குதிரை இருக்கிற ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு முறை முகாம் வையுங்கள். குதிரை பார்க்கத் தெரிந்த ஒரு மருத்துவரை அனுப்புங்கள். ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்கு அத்தனை குதிரைகள் வருகின்றன, அங்கே ஒரு மேசை போட்டாலே பல லாயங்களுக்கு ஊசி போய்ச் சேரும். மருந்துக்குக் காசு கட்ட வேண்டும் என்றால் கட்டுகிறோம்.

எங்கள் ஏரிக்கரையில் இப்போதும் சினைக் குதிரைகள் நிற்கின்றன. அவை ஈனுவதற்குள் சினைக் குதிரைக்கும் குட்டிக்கும் டெட்டனஸ் ஊசிக்கு ஒரு தேதி சொல்லுங்கள். குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்துவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ஏரிக்கரைக் குதிரைக்காரர்களில் ஒருவன்