கடற்காகத்தின் கால் மஞ்சள்தான்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில், கோடியக்கரையில் எடுத்த ஒரு கடற்காகத்தின் படத்தைப் போட்டு, "ஹெர்ரிங் கடற்காகம். இளஞ்சிவப்புக் கால்களை உடையது. ஆண்டு முழுவதும் நம் கடற்கரையில் கூடு கட்டி வாழ்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். படத்தில் இருக்கும் பறவையின் கால் மஞ்சள். அச்சில் நிறம் மங்கியிருந்தும் மஞ்சளாகத்தான் தெரிந்தது.

வேறு யாராவது எழுதட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் நாலாம் வகுப்புப் படிக்கும் என் பேரன், பள்ளி வினாடி வினாவில் மஞ்சள் என்று எழுதி மார்க்கை இழந்துவிட்டான். டீச்சரிடம் போய்க் கேட்டால், உங்கள் பக்கத்தை எடுத்துக் காட்டி, "பேப்பர்லயே போட்டிருக்குதுங்களே" என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அச்சில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நாற்பது வருஷமாக நம்பி வந்தவன். "அப்புச்சி, நாம பார்த்தது மஞ்சக் கால்தானே?" என்று பேரன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

பார்த்தோம். பெருந்துறையிலிருந்து வருஷா வருஷம் தை மாதம் கோடியக்கரைக்குப் போகிறோம். அங்கே கூட்டமாக நிற்பவை பழுப்புத்தலைக் கடற்காகங்கள். அவை சிறியவை. அவற்றுக்கு நடுவே ஒன்றிரண்டு மட்டும் தலை உயர்ந்து, ஆகிருதியாக நிற்கும். சரிந்த நெற்றி, கனத்த மஞ்சள் அலகு, அலகின் நுனிப் பக்கம் ஒரு கறுப்புப் பட்டை, கண்ணுக்குப் பின்னால் மை தீற்றியதுபோல ஒரு கறை. இறக்கையை விரித்தால் ஒன்றரை மீட்டர் வரும். அதுதான் பல்லாஸ் கடற்காகம். பெரிய கருந்தலைக் கடற்காகம் என்றும் சொல்வார்கள். குளிர்காலத்தில் தலை வெளுத்திருக்கும், ஊர் திரும்புவதற்கு முன் கன்னங்கரேலென்று கறுத்துவிடும். உங்கள் படத்தில் இந்த அடையாளமெல்லாம் அப்படியே இருக்கிறது. ஹெர்ரிங் கடற்காகமோ வடமேற்கு ஐரோப்பாவின் பறவை. இளஞ்சிவப்புக் காலும் கீழலகில் சிவப்புப் பொட்டும் அதற்குத்தான். அதன் தலை எந்தக் காலத்திலும் கறுக்காது. யாரோ வெளிநாட்டுக் குறிப்பை எடுத்து நம் ஊர்ப் படத்துக்குக் கீழே ஒட்டிவிட்டார்கள்.

கூடு கட்டுவதாக எழுதியது அதைவிட வருத்தம். பல்லாஸ் கடற்காகம் இங்கே ஒரு முட்டைகூட இடுவதில்லை. தெற்கு ரஷ்யாவிலிருந்து மங்கோலியா வரை ஏரித் தீவுகளிலும் சதுப்பு நிலங்களிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு மட்டும் நம் பக்கம் வருகிறது. சீனாவில் 3,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் சிங்ஹாய் ஏரியிலும் கூடு கட்டுகிறது. வரித்தலை வாத்தும் அதே ஏரியில்தான் கூடு கட்டுகிறது. அந்த வாத்தைத் திருப்பூர் நஞ்சராயன் குளத்திலேயே பார்க்கலாம். இதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தெரிந்தவர்கள் இருக்கும் இடத்தில் இப்படி வரலாமா என்றுதான் கேட்கிறேன்.

திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்துக்கு போன் செய்தேன். எடுத்தவர் முதலில் "சந்தாவா, விளம்பரமா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "ஈரோட்டுப் பக்கம் இருந்துகிட்டு கடல் பறவையைப் பத்திச் சொல்றீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். கடலே இல்லாத தேசத்து ஏரியில் பிறக்கிற பறவையைப் பற்றிப் பேச, கடற்கரையில் வீடு இருக்க வேண்டுமா ஐயா? கோவைக்குப் பக்கத்தில் ஆனைகட்டியில் 1990 முதல் சலீம் அலி பெயரில் பறவையியல் மையமே இருக்கிறது. என்னைக் கேட்க வேண்டாம், அங்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இது முதல் முறையும் இல்லை. எங்கள் பக்கத்துக் குளத்தில் பறந்த மீசை ஆலா என்ற வேறு நீர்ப்பறவையைப் போன வருஷம் கடற்காகம் என்று போட்டீர்கள். 2024 ஆகஸ்டில் நஞ்சராயன் குளம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது, வேறு எங்கோ எடுத்த பூநாரைப் படத்தைப் போட்டீர்கள். இரண்டுக்கும் கடிதம் எழுதினேன். ஒன்றும் வரவில்லை, பதில் கார்டுகூட வரவில்லை. மஞ்சள் விலை வந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது சினிமாச் செய்தி வருகிறது. அதைப் பற்றியும் எழுதினேன், அதுவும் அப்படியே போயிற்று. கொங்குப் பக்கத்து வாசகன் காசு கொடுத்து வாங்குவதோடு சரி என்று நினைத்துவிட்டீர்களோ என்று மனசு சங்கடப்படுகிறது.

நான் கேட்பது இரண்டு வரிதான். வரும் ஞாயிறு அதே சிறுவர் பக்கத்தில், "படத்தில் இருப்பது பல்லாஸ் கடற்காகம், அதன் கால் மஞ்சள், அது குளிர்காலத்தில் மட்டும் வரும் விருந்தாளி" என்று போடுங்கள். பேரன் அதைக் கத்தரித்து டீச்சரிடம் கொண்டுபோகக் காத்திருக்கிறான். படத்தையும் மறுபடி போடுவதாக இருந்தால், கால் வெட்டுப்படாமல் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நாற்பது வருஷ வாசகர்,
பெருந்துறை.