இடிக்கும் முன் கரிமக் கணக்கையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கட்டடங்களைக் காக்க வேண்டும் என்று வாதாடுவோர் பெரும்பாலும் வரலாற்றையும் நினைவுகளையும் முன்வைக்கிறார்கள். கட்டுமானத் தளங்களில் முப்பது ஆண்டுகளுக்குமேல் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற நான், அதே கோரிக்கையைக் கரிம வெளியேற்றத்தின் பக்கம் நின்று முன்வைக்க விரும்புகிறேன்.

நம் சிங்கப்பூரின் கரிம வெளியேற்றத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் கட்டடங்களால் ஏற்படுகிறது. 2030க்குள், மொத்தத் தரைப்பரப்பில் 80 விழுக்காடு பசுமைக் கட்டடங்களாக இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் இலக்கு. இதைப் பற்றிப் பேசும்போது நம் கவனம் ஏசிக்கும் விளக்குக்கும் மின்தூக்கிக்கும் ஆகும் மின்சாரத்தின் மீதே செல்கிறது. கட்டடம் எழும் முன்பே சிமெண்டிலும் எஃகிலும் செலவாகிவிட்ட கரிமத்தை யாரும் அவ்வளவாக நினைப்பதில்லை. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. சூளையின் எரிபொருள் மட்டும் இதற்குக் காரணமன்று. சுண்ணாம்புக்கல் வெப்பத்தில் சிதையும்போது கல்லுக்குள்ளிருந்தே அந்த வாயு கிளம்புகிறது. நாம் பயன்படுத்தும் சிமெண்டுக்கான கல் வேறு நாடுகளில் சுடப்படுவதால் அந்தப் புகை நம் கணக்கில் ஏறுவதில்லை, ஆனாலும் அதற்குக் காரணம் நம் கட்டடங்கள்தாம்.

ஊட்ரம் வட்டாரத்தில் 1976ல் கட்டி முடிக்கப்பட்ட 38 மாடி பேர்ல் பேங்க் குடியிருப்பு, 2018ல் வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்து மொத்தமாக விற்கும் கூட்டு விற்பனைக்குப் போய், பின்னர் இடிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுகூட நிற்கவில்லை. இடிபாடுகளில் ஏறக்குறைய அனைத்தையும் மறுபயனீடு செய்கிறோமே என்று சிலர் சொல்லலாம். அது பாராட்டத்தக்கதே. ஆயினும் நல்ல நிலையில் உள்ள ஒரு தூணை உடைத்துச் சல்லியாக்கிச் சாலைக்கு அடியில் பரப்பிவிட்டால், அந்தத் தூணுக்காக வெளியேறிய கரிமம் திரும்பி வராது. அதே இடத்தில் புதிய தூணுக்குப் புதிய சிமெண்ட் வேண்டும். அத்தகைய தூண்களை நானே ஆள்வைத்து உடைத்திருக்கிறேன் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். மாறாக, 1973ல் எழுந்த கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 2021ல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. அதன் உரிமையாளர்களாலும் கட்டடத்தை விற்க முடிந்தது. கான்கிரீட் உடம்பும் தப்பியது. இந்த வழியை இன்னும் பல கட்டடங்களுக்குத் திறந்துவிடலாம்.

நம் மக்களுக்கு மிக நெருக்கமானவை லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள். 1989ல் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டதால் அவை பிழைத்தன. டன்லப் ஸ்திரீட்டில் என் தந்தை வேலை பார்த்த மளிகைக் கடையின் நடுவே வானம் தெரியும் முற்றம் ஒன்று இருந்தது. பகல் முழுவதும் அங்கே விளக்கு எரியாது. சூடான காற்று அதன் வழியே மேலேறிப் போக, கடை முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையான அஞ்சடியின் நிழலில் தங்கிய காற்று வாசல் வழியாக உள்ளே வரும். மிளகாய் மூட்டைகளுக்கு இடையே படுத்து நான் தூங்கியிருக்கிறேன். அண்மையில் அதே வரிசையில் ஒரு கடைக்குள் நுழைந்தபோது, முற்றத்தின் மேல் நெகிழித் தகடு போட்டு மூடியிருந்தார்கள். பின்சுவரில் மூன்று ஏசி எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நண்பகலிலும் உள்ளே அத்தனை விளக்குகளும் எரிந்தன.

ஆகவே முகப்புக்கு வண்ணம் பூசிவிட்டால் பாதுகாப்பு முடிந்துவிட்டது என்று கொள்ள முடியாது. மரச் சன்னல்களின் இடுக்குகள் வழியே குளிர்காற்று கசியும் ஒரு கடைவீட்டை முழுக்க ஏசியால் நிரப்பினால், சேமித்த கரிமத்தை மின்கட்டணத்தில் இழந்துவிடுவோம். முற்றத்தைத் திறந்து, ஓட்டுக்கு அடியில் வெப்பத்தடுப்பு விரித்து, தேவைப்படும் அறைக்கு மட்டும் சிக்கனமான ஏசி வைப்பதே முறை. சுவருக்குப் பழையபடி சுண்ணாம்புச் சாந்தே பூச வேண்டும். செங்கல் உறிஞ்சிய ஈரத்தை அது வெளியே விடும், சிமெண்ட் பூச்சு உள்ளேயே அடைத்துச் சுவரை அரிக்கும். சிமெண்டைவிடக் குறைந்த வெப்பத்தில் வேகும் சுண்ணாம்பு, இறுகும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை ஓரளவு திரும்பப் பெற்றுக்கொள்ளவும் செய்கிறது. இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்து 1862ல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவரில் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்த மதராஸ் சுண்ணாம்பைத்தான் பூசினார்கள். அந்தக் கைவினை தெரிந்தவர்கள் இன்று இங்கே மிகச் சிலரே. பயிற்சிக்கூடங்களில் இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

நகர மறுசீரமைப்பு ஆணையத்திடமும் கட்டட, கட்டுமான ஆணையத்திடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பெரிய கட்டடம் ஒன்றை இடிக்க அனுமதி கோருவோர், இடித்துக் கட்டினால் வெளியேறும் கரிமத்தையும், இருப்பதைச் செப்பனிட்டால் வெளியேறும் கரிமத்தையும் அறுபது ஆண்டுகளுக்குக் கணக்கிட்டு விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும். அந்தக் கணக்கைப் பொதுமக்கள் பார்வைக்கும் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமான மேற்பார்வையாளர்,
சிராங்கூன்