சிறகில் கொப்புளம் எழ உதவியவர்களுக்கு

வணக்கம்.

பழ ஈயின் சிறகைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வின் வாய்மொழித் தேர்வு நல்லபடியாக முடிந்தது. நேரில் பார்த்தவர்களிடம் சொல்லிவிட்டேன். ஆனாலும் எழுதிச் சொன்னால்தான் மனசு ஆறும்.

முதல் நன்றி ஈக்களுக்குத் தீனி காய்ச்சும் அக்காவுக்கு. மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர் எல்லாம் போட்டுக் கிளறுவார். சூடு கொஞ்சம் தணிந்ததும் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் புரோபியானிக் அமிலம் விடுவார். அகப்பையைத் தூக்கிப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். கூழ் நீர்த்துப்போனால் ஈக்கள் அதில் ஒட்டிச் செத்துவிடும். பழ ஈயை விதைநெல் மாதிரி எடுத்துவைக்கவும் முடியாது. சில வாரங்களுக்கு ஒருமுறை புதுக் குழாய்க்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நான் ஊருக்குப் போன நாட்களில் என் ஸ்டாக்குகளை (குழாய்களில் தனித்தனியாக வளர்க்கும் ஈ வகைகளை) மாற்றிய ஜூனியர்களுக்கும் இதே வரியில் நன்றி.

அப்படிப் பிழைத்துக் கிடந்தவற்றில் எனக்கு உயிர்நாடி, மயோஸ்பெராய்டு மரபணு பழுதான ஸ்டாக். செல்கள் அடித்தளத்தைப் பிடித்துக்கொள்ளும் இன்டெக்ரின் புரதத்தின் பீட்டா பகுதியை உருவாக்கும் மரபணு அது. அது அறவே இல்லாவிட்டால் தசைகள் பிடிப்பு விட்டு உருண்டையாகச் சுருங்கி, கருவிலேயே ஈ இறந்துவிடும். அதனால் சிறகில் அதன் வேலையைப் பார்க்க, சில செல்களில் மட்டும் அதை நீக்க வேண்டும். கோலிக், லிண்ட்குவிஸ்ட் என்ற ஆய்வாளர்கள் 1989இல் ஈக்குக் கொண்டுவந்த ஃபிளிப்பேஸ் (டிஎன்ஏவை வெட்டி ஒட்டும் நொதி) உத்திதான் இதற்குக் கைகொடுத்தது: புழுக்கள் உள்ள குழாயை 37 டிகிரி வெந்நீரில் வைத்தால், அந்தச் சூட்டில் நொதி வேலை செய்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக மரபணு இழந்த செல்கள் உருவாகும்.

ஈயின் சிறகு, மேலும் கீழுமாக ஒட்டிக்கொண்ட இரண்டு செல் படலம். இன்டெக்ரினின் இன்னொரு பகுதியான ஆல்ஃபா, மேல் படலத்தில் ஆல்ஃபா பிஎஸ்1, கீழ்ப் படலத்தில் ஆல்ஃபா பிஎஸ்2. இரண்டுக்கும் ஜோடி ஒரே பீட்டாதான். ஏதாவது ஒரு பக்கத்தில் அது இல்லாமல் போனாலே படலங்கள் பிரிந்து, நடுவில் நீர் கோத்துக் கொப்புளம் எழும். “ஈ வெளியே வந்து சிறகு விரிச்சதுமே பாரு, விட்டா வத்திச் சுருங்கிடும்” என்று சொல்லிக் கொடுத்த சீனியர் அண்ணனுக்குப் பெரிய கும்பிடு. எந்தக் கையேட்டிலும் நான் படிக்காத பாடம் அது.

அப்புறம், முகம் தெரியாதவர்கள். இந்தியானாவின் புளூமிங்டன் ஈ மையம் 70,000க்கும் மேற்பட்ட ஸ்டாக்குகளைக் காத்து, கேட்பவர்களுக்கெல்லாம் அனுப்புகிறது. பீட்டா இன்டெக்ரினைக் காட்டும் சிஎஃப்.6ஜி11 எதிர்ப்பொருளை அயோவா பல்கலைக்கழகத்தின் எதிர்ப்பொருள் வங்கி கட்டுப்படியாகும் விலையில் தருகிறது. இந்த இரண்டும் இல்லையென்றால் எங்களைப் போன்ற சின்ன ஆய்வகம் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்காது.

கன்ஃபோகல் நுண்ணோக்கியில் ராத்திரி நேரம் ஒதுக்கித் தந்த தம்பிக்கும், வரைவை வரிக்கு வரி திருத்திய வழிகாட்டி மேடத்துக்கும் நன்றி. போன் செய்யும்போதெல்லாம் “ஈயெல்லாம் சௌக்கியமா?” என்று கேட்ட அப்பாவுக்குத் தனியாக.

என் ஸ்டாக்குகள் 18 டிகிரி அறையில், மேல்தட்டில், பச்சை ட்ரேயில் இருக்கின்றன. வேண்டியவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். மயோஸ்பெராய்டை மட்டும் ஒரு குழாய் எப்போதும் கூடுதலாக வைத்திருங்கள்.