பொருள்: மாறும் முகவரிகளைக் கவனிக்காத லோட் பேலன்சர் சேவை குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே குறையைத் தங்கள் உதவிப் பிரிவில் பலமுறை பதிந்தும், ஒவ்வொரு முறையும் ஒரு புதிய டிக்கெட் எண்ணும் முதலிலிருந்து விளக்க வேண்டிய வேலையுமே மிஞ்சியதால், தங்களுக்கே நேரடியாக எழுதுகிறேன்.

எங்கள் வெப் சர்வர்கள் வரும் கூட்டத்துக்கேற்பத் தாமாகக் கூடிக் குறைபவை. ஒன்று நீங்கி வேறொன்று வரும்போது ஹோஸ்ட்நேம் என்னும் சர்வர் பெயரும் ஐபி முகவரியும் மாறிவிடும் என்பதால், தங்கள் கையேடு சொன்னபடியே எல்லாவற்றையும் பெயருக்குரிய ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸில் ஒரே பெயரின்கீழ்ப் பதிந்து, அந்தப் பதில் செல்லுபடியாகும் நேரத்தை 60 விநாடியாக வைத்திருக்கிறோம். வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டிய தங்கள் லோட் பேலன்சரோ, தொடங்கும்போது கேட்டறிந்த முகவரிகளையே, யாராவது ரீலோட் செய்யும்வரை பிடித்துக்கொண்டிருக்கிறது. இல்லாத சர்வருக்குக் கோரிக்கைகள் போகின்றன. வாங்க வந்தவர்கள், சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்னும் 502 பிழையைப் பார்த்துத் திரும்புகிறார்கள். புதிய சர்வர் வேலையின்றி நிற்கிறது. பண்டிகைக்கால விற்பனை முழுவதும் இப்படியே அழிந்தது. என் தொழிலே நாசமாகிவிட்டது.

இதைச் சொன்னதற்குத் தங்கள் பிரதிநிதி ஒருவர், “பெயரை மாற்றிக்கொண்டே இருந்தால் நாங்கள் என்ன செய்வது? கிளவுட் என்றால் என்னவென்று படித்துவிட்டுப் பேசுங்கள்” என்று கூறி இணைப்பைத் துண்டித்தார். மாதந்தோறும் கட்டணம் செலுத்துபவரிடம் பேசும் முறையா இது? அந்த அழைப்பின் பதிவைத் தாங்களே கேட்டுப் பாருங்கள். அதற்கு முன்பு, நேரில் வந்தால் பொறியாளர் பார்ப்பார் என்றார்கள். கடையைப் பூட்டிவிட்டு வந்து பிற்பகல் முழுவதும் வரவேற்பறையில் காத்திருந்த பிறகே, அவர் விடுப்பில் இருப்பதாகத் தெரிவித்தார்கள்.

தங்கள் சேவை என்ஜின்எக்ஸ் என்னும் மென்பொருளின் இலவசப் பதிப்பில் இயங்குவதாகத் தங்கள் ஆவணமே சொல்கிறது. முன்பு கட்டணப் பதிப்பில் மட்டும் இருந்த ‘ரிசால்வ்’ வசதி, 2024 நவம்பரில் வெளிவந்த 1.27.3 முதல் இலவசப் பதிப்பிலும் உள்ளது. முகவரி மாறினால் ரீலோட் இல்லாமலே அது பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளும். இதே வேலையைச் செய்யும் மற்றொரு மென்பொருளான எச்ஏபிராக்ஸியில் இத்தகைய வசதி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. இவையெல்லாம் தங்கள் பொறியாளர்கள் அறியாதவையல்ல. பிறகு ஏன் செய்யவில்லை?

தயவுசெய்து பதினைந்து நாட்களுக்குள் அந்தப் பதிப்புக்கு மாற்றி, ‘ரிசால்வ்’ வசதியை இயக்கி, பாதிக்கப்பட்ட மாதங்களின் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். அந்தப் பிரதிநிதியின் நடத்தைக்கு எழுத்துப்பூர்வமான விளக்கமும் வேண்டும். தவறினால், எல்லா டிக்கெட்டுகளின் நகல்களுடன் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ளமாட்டீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்